ஜாதவ்பூரில் ஆகஸ்டு பதினைந்து

புதுக் காலண்டர் கைக்கு வந்ததும், கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர் வீடுகளில் மூன்று தேதிகளைத் தேடுவார்கள். பொங்கல், துர்க்கா பூஜை, ஆகஸ்டு பதினைந்து. பொங்கலன்று பல ஆபீஸ்களில் லீவு கிடைப்பதில்லை. பூஜைக்கு லீவு தாராளமாக உண்டு; ஆனால் ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைப்பதில்லை. ஆகஸ்டு பதினைந்து அப்படியல்ல. அன்று எல்லா ஊரிலும் லீவு. கரக்பூர் ரயில்வே பட்டறையில் இருக்கும் அண்ணனுக்கும், ஆசன்சோலில் இருக்கும் மைத்துனருக்கும், டால்ஹௌசி ஸ்குயரில் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் கிடைக்கும் லீவு அது. சிதறிக் கிடக்கும் குடும்பம் ஓரிடத்தில் கூடுவதற்கு அதைவிடத் தோதான நாள் வேறு இல்லை.

கூடும் இடங்களில் ஒன்று ஜாதவ்பூர். சியால்தா தெற்குப் பாதையில் பார்க் சர்க்கஸ், பாலிகஞ்ச், டாக்குரியா தாண்டினால் ஜாதவ்பூர் ஸ்டேஷன். இன்று அது மாநகரின் ஓர் அங்கம். 1980-களின் நடுப்பகுதி வரை தனி முனிசிபாலிட்டியாக இருந்த சிறு நகரம் அது. குளங்களும், தாழ்ந்த ஓட்டு வீடுகளும், வீட்டுக்கொரு தென்னையும் வாழையுமாக இருந்த ஊர். லேக் மார்க்கெட் பக்கம் வாடகை கட்டுப்படியாகாமல் தெற்கே நகர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் ஊர் வாசனை அடித்தது. வீட்டுக்கு முன்னால் நாலடி முற்றம் இருந்தால் போதாதா? இருபது பேர் கூடிவிடலாம்.

ஒரு நாள் லீவின் கணக்கு

தமிழ்நாட்டில் பெரிய லீவு என்றால் சித்திரை, வைகாசிக் கோடை. வங்காளத்தில் பெரிய லீவு என்றால் ஐப்பசியை ஒட்டிய பூஜை. இரண்டுக்கும் நடுவில், ஆடி மாதக் கடைசியில் வருகிறது சுதந்திர தினம். வங்காளிகளின் பஞ்சாங்கத்தில் அது சிராவண மாதத்தின் கடைசி. வானம் மூட்டமாக இருக்கும். மழை விட்டால் புழுக்கம் தாங்காது. துவைத்துப் போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் காயாது. இருந்தாலும் அந்த ஒரு நாளுக்காகக் குடும்பங்கள் ஜனவரியிலிருந்தே கணக்குப் போடுகின்றன.

கணக்கு மிகவும் எளிது. ஆகஸ்டு பதினைந்து வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாளாகிவிடும். 2022-இல் திங்கள், 2025-இல் வெள்ளி. அந்த ஆண்டுகளில் ஜாதவ்பூர் வீடுகளில் பாய்க்குப் பஞ்சம். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தாலோ போச்சு! 2021-இல் அப்படித்தான் ஆயிற்று. 2027-லும் ஞாயிறுதான். “சர்க்கார் கொடுத்த லீவைச் சூரிய பகவான் பிடுங்கிக்கொண்டார்” என்று குமாஸ்தாக்கள் அங்கலாய்த்துக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் லீவு என்று சொன்னாலும், ரயில் ஓட்டுகிறவருக்கும், ஆஸ்பத்திரித் தாதிக்கும், தொடர்ந்து எரியும் உலைக்கு முன்னால் நிற்கிற தொழிலாளிக்கும் அன்றைக்கும் வேலை உண்டு. அவர்களுக்காகத்தான் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சம்பளத்தோடு லீவு தர வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு மாற்று லீவோ தர வேண்டும் என்பது அதன் சாரம். மேற்கு வங்கத்திலும் இதே போன்ற சட்டம் உண்டு. தினக்கூலியை நம்பி இருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. “இந்த வருஷம் டியூட்டி போட்டுட்டாங்க, அத்தை. பதிலுக்கு ஒரு நாள் வாங்கிக்கிட்டு கிருஷ்ண ஜயந்திக்கு வர்றேன்” என்று போனில் சொல்லும் மருமகனின் குரலில் பாதி வருத்தமும் பாதி திருப்தியும் இருக்கும்.

சொந்த ஊருக்குப் போக ஒரு நாள் லீவு போதாது. ஹௌராவுக்கும் சென்னைக்கும் இடையே ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். 1977-இல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விடப்பட்ட பிறகுதான் பயணம் ஒரு பகல் ஓர் இரவு என்ற அளவுக்குச் சுருங்கியது. கொல்கத்தாத் தமிழர்கள் அதைத் தங்கள் வீட்டு வண்டி போலவே நினைத்து வந்தார்கள். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பகநாகாவில் அந்த வண்டி விபத்துக்குள்ளானபோது, எத்தனையோ வீடுகளில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை. அத்தனை தூரம் போய்வர ஒரு வார லீவாவது வேண்டும். அதனால் ஊருக்குப் போக முடியாதவர்கள், பக்கத்தில் இருக்கும் சொந்தங்களையாவது பார்ப்போம் என்று ஆகஸ்டு பதினைந்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவர்கள் பெயரில் தெருக்கள்

ஜாதவ்பூருக்கு முதல் தடவை வரும் உறவினர் விலாசத்தைப் படித்ததும் திகைத்துப் போவார். பிஜோய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர், பாபுஜி நகர், காந்தி காலனி, பாகா ஜதீன், சஹீத் நகர், காட்ஜு நகர் என்று சுற்றிலும் விடுதலைப் போராட்டப் பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்தது போல இருக்கும். பாகா ஜதீன் என்பவர் 1915-இல் பாலசோர் அருகே ஆங்கிலேயப் போலீசோடு போரிட்டு உயிர்விட்ட ஜதீந்திரநாத் முகர்ஜி. காட்ஜு என்பவர் ராஜாஜிக்குப் பிறகு மேற்கு வங்கத்துக்குக் கவர்னராக வந்த கைலாசநாத் காட்ஜு.

இந்தப் பெயர்களை வைத்தது சர்க்கார் அல்ல. 1947-இல் வங்காளம் இரண்டாகப் பிளந்தபோது டாக்கா, பாரிசால், பரீத்பூர் என்று கிழக்கு வங்க ஜில்லாக்களிலிருந்து வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. சியால்தா பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தவர்களில் ஒரு கூட்டம், இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் போட்டிருந்து பிறகு காலியாகக் கிடந்த ஜாதவ்பூர் முகாமுக்கு வந்து சேர்ந்தது. அதுதான் பிஜோய்கர். ‘வெற்றிக் கோட்டை’ என்று பொருள். வெளியேற்ற வந்தவர்களை எதிர்த்து நின்று இடத்தைத் தக்கவைத்துக்கொண்டதால் வந்த பெயர் என்பார்கள். அதன் பிறகு சுற்றுப்புறமெங்கும் இரவோடிரவாக மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, குடிசைகள் எழுந்தன. 1950-இல் அகதிகளுக்கான ஒன்றுபட்ட மத்திய கவுன்சில் உருவாயிற்று. 1951-இல் ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றும் சட்டம் வந்தபோது காலனி மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். நிலத்துக்கு முறையான பத்திரம் கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆகையால், ஆகஸ்டு பதினைந்து இந்தத் தெருக்களில் இரண்டு முகம் கொண்ட நாள். ஒரு முகம், அடிமைத்தளை அறுந்த நாள். மற்றொரு முகம், பிறந்த வீடு அயல்நாடான நாள். அண்ணன் இந்தப் பக்கம் வந்தான், அக்காள் அந்தப் பக்கம் தங்கிவிட்டாள்; தாத்தாவின் குளமும் மாந்தோப்பும் அங்கேயே நின்றுவிட்டன. கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டு வீடு திரும்பும் பெரியவர்கள் அன்று மத்தியானம் சற்று மௌனமாகவே இருப்பார்கள். அடுத்த வீட்டுத் தமிழர்களுக்கு அந்த மௌனம் புரியாமல் போவதில்லை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, ரங்கூனில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் காடும் மலையும் நடந்து இந்திய எல்லையைத் தொட்ட தமிழர்கள் ஏராளம். அவர்கள் வழிப்பயணத்திலும் கல்கத்தா ஒரு தங்குமிடமாக இருந்தது. அகதி என்ற சொல் தமிழனுக்கும் அந்நியமல்ல.

கொடிக் கம்பத்தடியில்

காலை ஏழு மணிக்கே ஒலிபெருக்கி அலறத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பாடாவிலும், அதாவது ஒவ்வொரு குடியிருப்பிலும், ஒரு கிளப் உண்டு. மற்ற நாட்களில் கேரம் பலகையும் நாலு நாற்காலியுமாக இருக்கும் கிளப், அன்று கோயில் மாதிரி துலங்கும். வாசலில் கோலம் போல அல்பனா. மேஜை மேல் நேதாஜி, காந்திஜி, குதிராம் படங்களுக்கு மாலை. நேதாஜி படம் எப்போதும் நடுவில். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் திரள் திரளாக நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள் என்பதைத் தெரிந்த தமிழர் எவரும், அந்தப் படத்தின் முன் நிற்கும்போது தன்னை வெளியூரான் என்று நினைக்க மாட்டார்.

கொடியை மடிக்கும்போதே உள்ளே பூவிதழ் வைத்துவிடுவார்கள். கயிற்றை இழுத்ததும் இதழ்கள் உதிரும். குழந்தைகள் கை தட்டும். பிறகு தேசிய கீதம். 1911 டிசம்பர் 27-இல் இதே கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மகாசபையில் முதன்முதலாகப் பாடப்பட்டது அந்தப் பாட்டு. தமிழ்ப் பிள்ளைகள் அதை இரண்டு விதமாகப் பாடுவார்கள். வங்காளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் வாயில் ‘அ’வெல்லாம் ‘ஒ’வாகிவிடும். கரக்பூரிலிருந்து வந்த பெரியப்பா திருத்தப் பார்ப்பார். “எழுதினவர் எங்க ஊர்க்காரர், பெரியப்பா!” என்று பதில் வரும். ‘எங்க ஊர்’ என்று அந்தப் பிள்ளை சொல்வது தஞ்சாவூரை அல்ல, கொல்கத்தாவை! பெரியப்பா சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் லேசான ஒரு நெருடலும் இருக்கும்.

கொடி விஷயத்தில் வீடுகளில் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. முன்பெல்லாம் தனியார் தங்கள் வீட்டில் தேசியக் கொடியைச் சில தேசிய நாட்களில் மட்டுமே ஏற்றலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2002 ஜனவரி 26 முதல், மரியாதை குன்றாத வகையில் ஆண்டு முழுவதும் ஏற்றலாம் என்றாயிற்று. அதற்கு முன்னால் ஒரு மாறுதல் தமிழ்நாட்டின் முயற்சியால் வந்தது. சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரங்களில் கவர்னர்தான் கொடியேற்றுவது என்றிருந்த வழக்கத்தை மாற்றி, மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கு அந்த உரிமை வேண்டும் என்று அன்றைய முதல்வர் மு. கருணாநிதி கேட்டார். 1974 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்களே ஏற்றுகிறார்கள். கொல்கத்தாவில் ரெட் ரோடு அணிவகுப்பைப் பார்க்கப் போகும் தமிழர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கொடியேற்றம் முடிந்ததும் ஆளுக்கொரு காகிதப் பொட்டலம். அதில் சிங்காடா, ஜிலேபி அல்லது லட்டு. அப்புறம் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படம் வரையும் போட்டி, பெரியவர்களுக்கு ரத்ததானம், இளவட்டங்களுக்கு முழங்கால் சேற்றில் கால்பந்து. பாதிப் பேர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பத்தினர் ஆகையால் ஈஸ்ட் பெங்கால் கட்சி ஓங்கியிருக்கும். ரத்ததானத்துக்கும் கால்பந்துக்கும் வங்காளத்தில் ஒரு சோகமான தொடர்பும் உண்டு. 1980 ஆகஸ்டு 16-இல் ஈடன் தோட்டத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தின்போது நடந்த நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாக மறுநாளும் ரத்ததானம் நடக்கிறது.

1906-இல் தொடங்கிய உறவு

ஜாதவ்பூருக்கு ஆகஸ்டு பதினைந்து 1947-இல்தான் முக்கியமானது என்று நினைத்துவிடக் கூடாது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்பே இந்த ஊரின் பெருமைக்கு வித்து ஊன்றப்பட்டது அதே தேதியில்தான்.

கர்சன் பிரபு 1905 அக்டோபர் 16-இல் வங்காளத்தைத் துண்டாடினார். அந்நியத் துணி வேண்டாம், அந்நியர் நடத்தும் கல்வியும் வேண்டாம் என்று மக்கள் கிளம்பினார்கள். 1906-இல் தேசியக் கல்விக் கழகம் பிறந்தது. ராஜா சுபோத் சந்திர மல்லிக் ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார். 1906 ஆகஸ்டு 15-இல் பௌபஜார் வீதியில் வங்காள தேசியக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் முதல்வராக வந்தவர் அரவிந்த கோஷ். அன்று அவருக்குப் பிறந்த நாளும்கூட. அந்தக் கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரி 1920-களில் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்து, வளர்ந்து, 1955 டிசம்பர் 24-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாயிற்று. இன்றும் அதன் நிர்வாகக் கட்டிடத்துக்கு அரவிந்த பவன் என்றும், வாசலில் ஓடும் சாலைக்கு ராஜா சுபோத் மல்லிக் சாலை என்றும் பெயர்.

அதே 1906-இல், அதே சுதேசிக் காற்று தூத்துக்குடியிலும் வீசியது. வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1907-இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசினார். அவர் 1908 மார்ச்சில் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடியதன் தொடர்ச்சியாகத்தான் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஒரு வங்காளியின் விடுதலையைக் கொண்டாடித் தமிழன் சிறை புகுந்தான்! ஜாதவ்பூர் கிளப் வாசலில் ஒரு தமிழ்ப் பையன் நிற்கும்போது, அவன் விருந்தாளியாக நிற்கவில்லை, பங்காளியாக நிற்கிறான்.

அரவிந்தர் 1910-இல் புதுச்சேரிக்கு வந்தார். பாரதியாரோடு பழகினார். 1950-இல் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். நாடு விடுதலை பெற்ற நாளில் அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. அதையொட்டி அவரிடம் செய்தி கேட்டு வாங்கி ஒலிபரப்பியது எந்த வானொலி தெரியுமா? நம் திருச்சி நிலையம். 1947 ஆகஸ்டு 14 இரவு காவிரிக்கரையிலிருந்து அந்தச் செய்தி நாட்டுக்குப் போயிற்று.

குமாஸ்தாக்கள் நினைத்துப் பெருமைப்பட வேண்டிய இன்னொருவரின் தடமும் இங்கே உண்டு. 1907-இல் கல்கத்தா அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசுக்கு உதவி அதிகாரியாக வந்த சி.வி. ராமன், ஆபீஸ் நேரம் போக மற்ற வேளையெல்லாம் பௌபஜாரிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தில் கழித்தார். 1928 பிப்ரவரி 28-இல் உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்பு அங்கேதான் பிறந்தது. அந்தச் சங்கம் இப்போது இருப்பது ஜாதவ்பூரில். ஊரிலிருந்து வரும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகப் பக்கம் நடத்திக்கொண்டு போகும் சித்தப்பாமார்கள் அந்தக் கட்டிடத்தையும் காட்டத் தவறுவதில்லை. “பார்த்துக்கோ! அவரும் கணக்கெழுத வந்தவர்தான்.”

ராஜாஜி பதவியேற்ற நாள்

1947 ஆகஸ்டு 15 ஒரு வெள்ளிக்கிழமை. தமிழ்க் கணக்கில் ஆடி வெள்ளி. தமிழ்நாட்டில் அம்மன் கோயில்களில் கூட்டம் நெரிந்த அன்று, கல்கத்தாவில் ஒரு தமிழர் மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராகப் பதவி ஏற்றார். அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். அதுவரை வெளியே நின்று எட்டிப் பார்த்த கவர்னர் மாளிகைக்குள் ஜனங்கள் அலையலையாகப் புகுந்தார்கள். தடுக்க முடியவில்லை. மாளிகை நம்முடையது என்ற உணர்ச்சி அன்று மக்களுக்கு அப்படி இருந்தது.

காந்திஜி டில்லியில் இல்லை. கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளவும் இல்லை. ஆகஸ்டு 13 முதல் கல்கத்தா பேலியகட்டாவில் ஹைதரி மன்சில் என்ற பழைய வீட்டில், முஸ்லிம் லீக் தலைவர் சுஹ்ரவர்தியோடு தங்கியிருந்தார். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ரத்த ஆறு ஓடிய நகரம் அது. சுதந்திர தினத்தன்று அவர் உண்ணாவிரதம் இருந்தார்; ராட்டை நூற்றார்; பிரார்த்தனை செய்தார். அன்று இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே லாரியில் ஏறி ஊரைச் சுற்றினார்கள். அந்த அமைதி இரண்டு வாரம்தான் நின்றது. மறுபடி கலகம் மூண்டதும் செப்டம்பர் 1-இல் காந்திஜி மீண்டும் உண்ணாவிரதம் தொடங்கினார். 4-ஆம் தேதி, ஆயுதங்கள் அவர் காலடிக்கு வந்த பிறகே முடித்தார். ஜாதவ்பூரில் கூடும் குடும்பங்களில், விடுமுறை நாளென்று பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறவர்கள் சிலர் உண்டு. இப்போது அது நினைவு இல்லம்.

மூன்று நாள் தாமதம்

ஜாதவ்பூரிலிருந்து சியால்தா போய், வேறு வண்டி பிடித்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் கிருஷ்ணநகர். சரபூரியா மிட்டாய்க்கும் கூர்ணி மண்பொம்மைக்கும் பேர்போன சிறு நகரம். லீவு நாளில் போய் நவராத்திரிக் கொலுவுக்கு இப்போதே பொம்மை வாங்கி வரும் மாமிகளும் உண்டு. அந்த நதியா ஜில்லாவில் சுதந்திர தினத்தின் கதையே வேறு.

1947 ஆகஸ்டு 15 அன்று எல்லைக்கோடு எங்கே போகிறது என்று மக்களுக்குத் தெரியாது. ராட்கிளிஃபின் தீர்ப்பு ஆகஸ்டு 17-இல்தான் வெளியாயிற்று. அதுவரையிலான தற்காலிகப் பிரிப்பில் நதியா, மால்டா, முர்ஷிதாபாத் எல்லாம் கிழக்குப் பாகிஸ்தான் கணக்கில் இருந்தன. கிருஷ்ணநகரில் பாகிஸ்தான் கொடி ஏறிற்று. குல்னாவில் இந்தியக் கொடி ஏறிற்று. தீர்ப்பு வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. நதியாவின் ஒரு பகுதி இந்தியாவுக்கும் மறு பகுதி பாகிஸ்தானுக்கும் போயின; குல்னா பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஆகவே சிவநிவாஸ் போன்ற நதியா ஊர்களில் ஆகஸ்டு 18-ஐயும் சுதந்திர தினமாகக் கொண்டாடுகிறார்கள். மூன்று இரவு, எந்த நாட்டில் படுத்திருக்கிறோம் என்று தெரியாமல் படுத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஒரு கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இலை போட்டு

மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேல் ஜாதவ்பூர் வீதிகளில் மணம் கமழும். வங்காளி வீடுகளில் ஆட்டுக்கறி அல்லது இலிஷ் மீன். மழைக்காலம் இலிஷுக்கு உகந்த காலம். விலையோ கேட்கவே பயமாயிருக்கும். தமிழ் வீடுகளில் முந்தின நாளே ஒருவர் லேக் மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலை, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, காபிப் பொடி எல்லாம் வாங்கி வந்துவிடுவார். மற்றவை பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கும். வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்காய், பாகற்காய் என்று வங்காளிக்கும் தமிழனுக்கும் பிடித்த காய்கள் ஒன்றுதான். பெயர் வேறு, பக்குவம் வேறு. பாகற்காயை அவர்கள் சுக்தோவில் போட்டு முதலில் சாப்பிடுகிறார்கள். நாம் பிட்லையில் போட்டு நடுவில் சாப்பிடுகிறோம்.

கீழ்வீட்டு மாஷிமாவுக்கு ஒரு தூக்கு நிறையப் பருப்புப் பாயசம் போகும். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது இரு வீட்டு வழக்கமும். சாயங்காலம் அதே தூக்கில் கோவிந்தபோக் அரிசியில் செய்த பாயேஷ் வரும். ஈச்சவெல்லப் பாயேஷ் வேண்டுமானால் குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும், ஆகஸ்டில் சர்க்கரைதான். பாயசமா, பாயேஷா என்ற வழக்கு ஆண்டுதோறும் நடக்கும். தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை.

முற்றத்துப் பேச்சு

சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் பாயில் சாய்ந்து, வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வந்த பிறகுதான் குடும்பம் கூடியதன் காரியம் தொடங்கும். ஆண்டில் ஒரு நாள் அண்ணன் தம்பி எல்லோரும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். போனில் பேச முடியாததையெல்லாம் அன்றுதான் பேச முடியும். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு யார் வரி கட்டுவது? கூரை இடிவதற்கு முன் விற்பதா? தங்கை பெண்ணுக்கு வந்திருக்கும் வரன் எப்படி? ரிடையர் ஆனபின் இங்கேயே இருப்பதா, திரும்பிப் போவதா?

“மன்னி, அம்மா இந்த மழைக்காலம் முடியறவரைக்கும் எங்களோட இருக்கட்டும். பூஜைக்கு அப்புறம் உங்ககிட்ட கொண்டுவந்து விடறேன்” என்று ஆசன்சோல்காரர் ஆரம்பிப்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலப் படுத்திருப்பாள். எல்லாம் அவள் காதில் விழும். இத்தனை பேர் கூடியிருக்கும்போது முடிவானால் அது முடிவு. தனித்தனியாகப் பேசினால் மனஸ்தாபம். அதற்காகவே இந்த லீவு வேண்டியிருக்கிறது.

இந்தக் கூட்டம் எத்தனை வருஷத்துக்கு நடக்கும் என்ற கேள்வியும் முற்றத்தில் எழத்தான் செய்கிறது. படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். தாத்தா எந்த ஊரை விட்டு வேலை தேடிக் கல்கத்தா வந்தாரோ, அந்தத் திசைக்கே பேரன் வேலை தேடிப் போகிறான். காலனி வீடுகளும் ஒவ்வொன்றாக இடிந்து நாலு மாடி ஃபிளாட்டுகள் எழுகின்றன. ஃபிளாட்டில் முற்றம் இல்லை. இருபது பேருக்குப் பாய் விரிக்க இடம் இல்லை. குமாஸ்தாக்களின் பேனாவுக்கு மசி கொடுத்த சுலேகா ஆலை நெடுநாள் மூடிக் கிடந்தது. பெங்கால் லாம்ப் ஆலை போயே போய்விட்டது. சந்திப்புகளில் பெயர் மட்டும் நிற்கிறது.

ஆனாலும் கொடிக் கம்பத்துக்கு இடம் குறையவில்லை. ஃபிளாட் கட்டிய இடங்களில் மொட்டை மாடியில் கொடி ஏறுகிறது. அங்கேயே ஷாமியானா போட்டு இலையும் விழுகிறது. நிலத்தை இழந்து வந்தவர்கள் அந்த மண்ணில் தலைவர்களின் பெயரை நட்டு ஊர் உண்டாக்கினார்கள். வேலைக்காக வந்தவர்கள் அதே தெருவில் ஒரு நாள் லீவை வைத்துக் குடும்பத்தைக் கட்டிக் காத்தார்கள். அடுத்த ஆண்டு யார் வீட்டில் என்பதை இந்த ஆண்டே முடிவு செய்துவிட்டு எழுந்திருப்பது பல குடும்பங்களில் வழக்கம். முடிவு செய்யாத குடும்பங்கள், வரும் ஆகஸ்டுக்குள் ஒரு தபால் கார்டாவது போட்டுவிடுவது நல்லது.